எங்கள் ஒழுங்கையின் ஒற்றைக் கதிரை

போன கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு ஃபிரிட்ஜ் விறகுக் கொட்டிலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதற்குப் பின்னால் தொலைக்காட்சிப் பெட்டியும் போனது. தீவுப்பகுதியைத் திரும்ப எழுப்பப் போகிறோம் என்று அரசாங்கம் மானியம் அறிவித்திருக்கிறது. கஷ்டப்பட்ட குடும்பங்கள் எவை என்று பார்க்க உத்தியோகத்தர்கள் வீடு வீடாக வருகிறார்கள். பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிற வீடுகளில்கூடச் சுவரில் தொங்கிய படங்கள் இறங்கிவிட்டன. பக்கத்து வீட்டுப் பெண் என்னிடமும் ஓடி வந்தாள்.

“ஆச்சி, அந்த யன்னல் சீலையளைக் கழட்டி வையுங்கோ. கதிரையளையும் உள்ளுக்கு இழுத்து விடுங்கோ.”

“கதிரை இருந்த இடத்திலை இருக்கும் பிள்ளை. வாறவர் அதிலை இருக்கட்டும்” என்றேன்.

அவளுக்குக் கோபம். எனக்குச் சிரிப்பு. ஏனென்றால் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, இதே புங்குடுதீவில், இறுப்பிட்டிப் பக்கத்தில், நாங்கள் இதற்கு நேர்மாறான வேலை ஒன்று பார்த்தோம். அதைச் செய்ததற்கு நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

அப்போது எங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு. ஐந்து வீட்டுக் கிணற்றிலும் உவர்த் தண்ணீர். குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், வாயில் வைக்க ஏலாது. குடிக்கிற தண்ணீருக்கு கிழக்கே ஒரு மைல் தள்ளி வெட்டவெளியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதுவும் நினைத்த மாதிரி அள்ள விடாது. நாலைந்து குடம் போனதும் அடி தெரியும், பிறகு ஊறும் வரைக்கும் சுற்றி இருந்து ஊர்க்கதை பேச வேண்டியதுதான். அப்பா தெற்கே ஒரு பட்டணத்தில் கடையில் நின்றார், வருடப்பிறப்புக்கும் கோயில் தேருக்கும் மட்டும் வருவார். அம்மா ஓலை பின்னி, ஆடு வளர்த்து எங்கள் நாலு பேரையும் பார்த்தாள். மூத்தவள் நான். ஆகவே குடம் என்னுடையது.

காலையில் இரண்டு நடை. இரண்டாவது நடை முடிந்து குடத்தை இறக்கும்போது பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடி முடித்திருப்பார்கள். பிந்திப் போனால் வாத்தியார் வாசலில் நிறுத்தி வைப்பார். அப்படி நிற்க ரோசப்பட்டு நான் போகாமல் விட்ட நாட்கள்தான் அதிகம். என் வயதுப் பிள்ளைகள் நாலாம் வகுப்பில் இருக்க, நான் எழுத்துப் படிக்கிற அரிவரி வகுப்பைத் தாண்டாமல் கிடந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு நாள் ஊர்க் காரியம் பார்க்கிற விதானையார் வந்து சைக்கிளை எங்கள் வேலியில் சாத்தினார். ஐந்து வீட்டுப் பெண்களும் கூடிவிட்டார்கள்.

“கஷ்டப்பட்ட ஊருகளுக்கு அரசாங்கம் மானியம் குடுக்குதாம். உங்கட ஒழுங்கையையும் எழுதிக் குடுத்திருக்கிறன். வீட்டுக்கு ஒரு சீமெந்துத் தொட்டி கட்டி, மேலுக்குத் தகரமும் போட்டுத் தருவினம். பெய்யிற மழை முழுக்க அதுக்குள்ளை நிக்கும். மூண்டாம் நாள் அரசாங்கக் கச்சேரியிலை இருந்து ஒராள் வந்து பாப்பார். உள்ள கஷ்டத்தை உள்ளபடி காட்டுங்கோ, கண்டியளோ?”

முற்றத்தில் தொட்டி வந்தால் ஒரு மைல் நடை இல்லை. நடை இல்லையென்றால் தேவாரத்துக்கு முன்னமே நான் பள்ளிக்கூட வாங்கில் இருப்பேன். ஓடிப்போய்த் தொட்டி வரப்போகிற இடத்தில் காலால் ஒரு வட்டம் கீறினேன்.

“ஓம், ஓம்” என்று பெண்கள் தலையாட்டினார்கள். விதானையாரின் சைக்கிள் முடக்கில் திரும்பியதுதான் தாமதம், அம்மாவின் தமக்கை, என் பெரியம்மா, கேட்டாள்:

“கச்சேரி மனிசனை எதிலையடி இருத்திறது?”

அதோடு தொட்டிப் பேச்சு முடிந்தது. அடுத்த இரண்டு நாளும் ஒழுங்கையில் வேறு கதை இல்லை.

“பாயிலைதான்” என்றாள் ஒருத்தி.

“காற்சட்டை போட்ட மனிசன் பாயிலை எப்பிடி இருக்கும்? இருந்தாலும் எப்பிடி எழும்பும்?”

“நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கி விடுவம்” என்றாள் நாலாம் வீட்டு மாமி. அவள் செத்த வீட்டிலும் பகிடி விடுவாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. “படலை திறந்து வந்த மனிசனை நிக்க வைச்சே கதைக்கிறது? தொட்டி வருதோ வரேல்லையோ, வந்தவர் கதிரையிலை இருக்கவேணும், பீங்கான் கோப்பையிலை தேத்தண்ணி குடிக்கவேணும். இல்லாட்டி என்ரை வீட்டுக்கு வரவேண்டாம்.”

ஆனால் ஐந்து வீட்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரு கதிரை. கைபிடி வைத்த பெரியம்மாவின் கதிரை. பீங்கான் கோப்பையும் ஒன்றுதான், அப்பா கொண்டுவந்தது, நீலப்பூப் போட்டது, விளிம்பில் சின்ன உடைவு. வீட்டுக்கு வீடு இருந்த ஓலை வேலிகளில் நாங்கள் போய்வரப் பொட்டு வைத்திருப்போம், ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை. அவர் ஒரு வீட்டுப் படலையால் வெளிக்கிட்டு ஒழுங்கையைச் சுற்றி அடுத்த வீட்டுக்கு வருவதற்குள், கதிரையும் கோப்பையும் பொட்டால் போய்விட வேண்டும். அதுதான் திட்டம். கோப்பை பெரியம்மாவின் மகளுக்கு. எனக்கு அக்கா முறை, பன்னிரண்டு வயது, கை நடுங்காது. கதிரை எனக்கு. குடம் தூக்கித் தூக்கி இடுப்பு உரமேறியவள் என்று அம்மா சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த நாள் வந்தது. கச்சேரிக்காரர் நாங்கள் நினைத்ததுபோல் பெரிய மனிதர் இல்லை. மெலிந்த பெடியன், மூக்குக்கண்ணாடி, கறுப்புக் குடை, கக்கத்தில் ஒரு கட்டுக் கடதாசி. பெரியம்மா வீட்டில் கதிரையில் இருந்தார். தேத்தண்ணி குடித்தார்.

“என்ன குறையள் இருக்கு அம்மா?”

“ஒரு குறையும் இல்லை ஐயா. தண்ணிதான் இல்லை.”

அவர் எழுதிக்கொண்டார். எழும்பினார். பெரியம்மா படலையில் அவரை மறித்து முருங்கை மரத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல, நான் கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பொட்டுக்குள் நுழைந்தேன். ஓலை ஈர்க்கு முதுகைக் கீறியது. இரண்டாம் வீட்டில் அவர் வரும்போது கதிரை முற்றத்து வேம்பின் கீழே பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்ததுபோல் இருந்தது.

“ஏதும் குறை இருக்கோ?”

“சீ, ஒண்டும் இல்லை. தண்ணிதான்.”

மூன்றாம் வீட்டில் அவர் கோப்பையின் உடைந்த விளிம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மற்றப் பக்கமாகத் திருப்பிக் குடித்தார். நாலாம் வீட்டில், “எனக்குக் காணும் அம்மா” என்று கும்பிட்டார்.

“ஏன், எங்கட வீட்டுத் தேத்தண்ணி மட்டும் கசக்குமோ?” என்றாள் மாமி.

பாவம், குடித்தார். காலையில் நான் சுமந்து வந்த குடத்தில் அரைவாசி அந்த மெலிந்த மனிதனின் வயிற்றுக்குள் போயிருக்கும்.

அடுத்தது எங்கள் வீடு. அவர் படலைக்கு நடக்க, நான் கதிரையைப் பிடித்தேன். கதிரைக் கைபிடியில் அவருடைய குடை தொங்கியது. அதை நான் காணாமல் இல்லை. கண்டேன். எடுத்துக் கொடுக்க நின்றால் பிந்திவிடும். அதோடு, சொல்லத்தானே வேண்டும், வளைந்த பிடி போட்ட அந்தக் குடையோடு பார்க்கக் கதிரை இன்னும் பெரிய வீட்டுக் கதிரைபோல இருந்தது. எங்கள் வீட்டில் அது அப்படியே இருந்தால் நல்லதுதானே என்று பட்டது. குடையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு பொட்டால் ஓடினேன்.

கச்சேரிக்காரர் எங்கள் படலையைத் திறந்தார். இரண்டு அடி வைத்தார். நின்றார். கதிரையைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், தன் வெறும் கையைப் பார்த்தார்.

“அம்மா, எனக்கு முந்தி என்ரை குடை வந்திட்டுது.”

வேலிக்கு அங்கால் மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது எங்களுக்குக் கேட்டது. அம்மா மட்டும் முகம் மாறாமல், “வந்தது வந்ததுதானே. இருங்கோ ஐயா” என்றாள்.

அவர் இருந்தார். சத்தம் போட்டிருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் இரங்கிப் பேசத் தொடங்கினார்.

“இனி ஒண்டும் ஒளிக்கத் தேவையில்லை. எனக்கு விளங்கீற்றுது. அஞ்சு வீட்டுக்கும் தொட்டி கிடைக்கும், அதை நான் பாத்துச் செய்யிறன். மற்ற வீடுகளுக்கும் திருப்பி எழுதிறன். இந்தக் கடதாசியிலை ஒரு வரி இருக்கு, ‘சீவிக்க வழியற்ற குடும்பம்’ எண்டு. நீங்கள் ஓம் எண்டு ஒரு கைநாட்டு வைச்சால் சரி.”

அம்மா என்னைப் பார்த்தாள். கூரையைத் தாங்கிய கப்போடு ஒட்டிக்கொண்டு நின்ற என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். குடையைத் தூக்கி வந்ததற்குப் பிறகு இருக்குது அடி என்றுதான் நான் நினைத்தேன். பிறகு அவர் பக்கம் திரும்பினாள். அதுவரை ‘ஐயா’ என்றவள் குரலை மாற்றினாள்.

“தம்பி, வழியில்லாமலோ இந்த நாலும் வளந்து நிக்குதுகள்? ஓலை இருக்கு, ஆடு இருக்கு, எனக்குக் கை இருக்கு. இல்லாதது தண்ணி. ‘தண்ணி இல்லை’ எண்டு எழுதும், கைநாட்டு வைக்கிறன்.”

“அப்பிடி எழுத இதிலை இடம் இல்லை அம்மா.”

“ஓரத்திலை வெள்ளையாய்க் கிடக்குதே. அதிலை எழுதும்.”

“ஓரத்திலை எழுதினால் மேலை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம்.”

“வாசிக்காட்டி அது அவையின்ரை குறை. நான் பொய்யிலை விரல் வைக்க மாட்டன்.”

அவருக்கும் சூடு ஏறிவிட்டது. “பொய்யோ? அஞ்சு வீட்டிலையும் ஒரே கதிரையைக் காட்டினது மட்டும் உண்மையோ?”

“அது பொய்யில்லைத் தம்பி. உமக்குச் செய்த மரியாதை. வேண்டாமெண்டால் எழும்பும், பாய் போட்டுத் தாறன்.”

அவர் எழும்பவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கடதாசியை முழங்காலில் வைத்து, திருப்பித் திருப்பிப் பிடித்து, ஓரத்தில் சின்ன எழுத்தாக எழுதினார். அம்மா விரலில் மை பூசி, அந்த வரிக்குப் பக்கத்தில்தான் அழுத்தினாள். நடுவில் இருந்த வரியைத் தொடவில்லை. வேலியால் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மற்ற நாலு வீட்டுக்காரிகளும் அவர் கைநாட்டு வாங்கத் திரும்ப வீடு வீடாகப் போனபோது அதையே சொன்னார்கள். “என்ரை தங்கச்சி எங்கை விரல் வைச்சாளோ அங்கை நானும் வைக்கிறன்” என்றாளாம் பெரியம்மா. ஐந்து கடதாசி, ஐந்து ஓரம்.

வேறு ஊர்களுக்குத் தொட்டிகள் போயின. எங்கள் ஒழுங்கைக்கு வரவில்லை. “ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால்” என்று விதானையார் வந்து தலையில் அடித்துக்கொண்டார். அம்மா ஓலையிலிருந்து கண்ணை எடுக்காமல், “அந்தச் சொல்லை என்ரை பிள்ளையள் கேட்டுக்கொண்டு நிண்டதுகள் விதானையார்” என்றாள். அது அறியாமை, வீண் வீறாப்பு என்று இன்றைக்கும் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். அந்த ஐந்து பெண்களும் கேட்டது தண்ணீர். அதை எழுத ஓர் இடம் விடாமல் கடதாசி அடித்தவர்களை யாரும் அறிவில்லாதவர்கள் என்று சொல்லக் காணோம்.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்த தெளிவு. தொட்டி வராததற்கு நான் அன்று கண்டுபிடித்த காரணம் நான்தான். குடையை எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாக நடந்திருக்கும் என்று நம்பினேன்.

அப்படி நம்புவதற்கு என்னிடம் சாட்சியும் இருந்தது. கச்சேரிக்காரர் வந்துபோன மறுநாள் விடியற்காலை நான் எழும்பிக் குடத்தை எடுக்கப் போனேன். அம்மா எனக்கு முன்னமே எழும்பி இருந்தாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

“குடத்திலை கை வைக்காதை. போய்ச் சிலேட்டை எடு.”

“நான் போட்டு வாறன் அம்மா.”

“வைக்காதை எண்டால் வைக்காதை.”

ஒரு குடத்தை இடுப்பிலும் மற்றதைத் தலையிலும் வைத்துக்கொண்டு அவள் கிழக்குப் பக்கம் இறங்கினாள். அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு எல்லா நாளும். வந்து குடத்தை இறக்கிவிட்டுக் குந்தியிருந்து ஓலை பின்னும்போது ஒரு கையை இடுப்பு நாரியில் ஊன்றிக்கொள்வாள். அடியும் போடவில்லை, ஏச்சும் இல்லை. ஒன்றும் சொல்லாமல் என்னிடமிருந்து குடத்தை மட்டும் பறித்துவிட்டாள். ஒழுங்கையில் ஒன்பது வயதில் குடம் இல்லாத பெண்பிள்ளை நான் ஒருத்திதான்.

அந்த முதல் நாள் தேவாரத்துக்கு முன்னமே பள்ளிக்கூடம் போய்விட்டேன். அரிவரிப் பிள்ளைகள் என் இடுப்பளவு. அவர்களுக்கு நடுவில் முன் வாங்கில் இருந்துகொண்டு, சிலேட்டில் முகத்தைக் கவிழ்த்து விக்கி விக்கி அழுதேன். வாத்தியார் பக்கத்தில் வந்து, யார் அடித்தது என்று கேட்டார்.

“ஒருத்தரும் அடிக்கேல்லை. அம்மாவுக்கு என்னிலை கோவம். இனி எனக்குத் தண்ணி அள்ளத் தரமாட்டாவாம்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாத்தியார் சிரிக்கவில்லை. வாசல் பக்கம் திரும்பி, நல்ல தண்ணீர்க் கிணறு இருந்த கிழக்கு வெளியைப் பார்த்தார். அவர் அங்கே என்ன பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.