எடைக் கொட்டகையில் ஊசி

ஜோதிமணி அக்கா கிராம சுகாதார செவிலியர். ஆடலூருக்கு மேலே இருக்கிற தோட்டக் குடியிருப்புகள் எல்லாம் அவர் பொறுப்பு. கொரோனா ஊசிக் காலத்தில் அவரை என் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அலைந்தவன் என்பதால் சொல்கிறேன். அவர் கோபத்தில் சத்தம் போட ஆரம்பித்தால் கொண்டை ஊசி வளைவில் நான் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை.

2021 டிசம்பர். மேல்தோட்டம் குடியிருப்பில் இரண்டு முறை முகாம் போட்டும் ஒருவர்கூட வரவில்லை. "இந்தத் தடவையும் ஆள் வரலேன்னா அந்த ஊசியை வேற ஊருக்கு அனுப்பிருவோம்" என்று வட்டார மருத்துவ அதிகாரி சொல்லிவிட்டார். அந்த மே மாதம்தான் அங்கே இரண்டு பேர் கொரோனாவில் செத்திருந்தார்கள். அதில் ஒருத்திக்கு அக்காதான் பிரசவம் பார்த்தவர். அதை நினைத்தால் அவருக்குத் தூக்கமே வராது.

உத்தரவுப்படி காலை ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தில் மேசை போட்டோம். ஈ காக்கை இல்லை. ஊசிக்குப் பயந்துகொண்டு ஒளிகிறார்கள் என்று அக்கா பொரிந்து தள்ளினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யக்கா, காபி பழுத்துக் கெடக்கு. வெள்ளனே ஆறு மணிக்கே காட்டுக்குப் போயிருவாங்க. சாயங்காலம் எடை போடத்தான் ஒருத்தர் விடாம வருவாங்க."

"ஏலே சஃபீரு, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க கேக்கலையேக்கா."

அனுமதி கேட்கலாம் என்றால் அங்கே போனில் சிக்னல் இல்லை. நடப்பது நடக்கட்டும் என்று, பறித்த பழத்தை எடை போடும் கொட்டகைக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

முதல் மூட்டையோடு வந்தவள் கந்தம்மாள். பயமெல்லாம் அவளுக்கு இல்லை. "நர்ஸம்மா, ஊசி போட்டா ரெண்டு நாள் காய்ச்சல்ங்கிறாங்க. வீட்டோட எல்லாரும் படுத்துட்டா பழம் பறிக்க யாரு போவா? கஞ்சி யாரு வைப்பா?"

இதற்கு உத்தரவில் பதில் இல்லை.  கந்தம்மாளே வழி சொன்னாள்.

"வீட்டுக்கு ஒரு ஆளாப் போடுங்க. அவுக எந்திரிச்சதும் அடுத்த ஆளு."

சொன்ன கையோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தாள். இருட்டுவதற்குள் அங்கே இருந்த இருபது வீட்டிலிருந்தும் ஆள் வந்துவிட்டது. அக்கா எல்லார் முன்னாலும் அழுதே விட்டார்.

கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் அதிகாரியின் போன் வந்தது. இடம் மாற்றியதற்கு விளக்கம் கேட்கப் போகிறார் என்று அக்கா நினைத்தார். ஸ்பீக்கரில் போட்டு, நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். 

அதிகாரி கேட்டார்: "பண்ணைக்காட்டுப் பக்கத் தோட்டத்துலயும் ஊசிக்கு யாரும் வரலை. அங்க எடை எத்தனை மணிக்கும்மா போடுவாங்க?"