தெரியாதவர் கையில் கீபோர்டு

திருப்பதியில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் லேப் வாஸ்துப்படி அமைந்தது. எங்கள் துறைத் தலைவருக்கு வாஸ்து என்றால் உயிர். மாணவர்கள் கிழக்கு பார்த்துத்தான் உட்கார வேண்டும் என்று எல்லா மேசைகளையும் ஒரே பக்கமாகப் போட வைத்தார். ஜன்னல்களோ மேற்கே. பிராக்டிகல் வகுப்போ மத்தியானம். வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக மானிட்டரில் வந்து விழும். எழுதிய புரோகிராம் தெரியாது, அவரவர் மூஞ்சிதான் தெரியும். அதைப் பார்த்துத் தலைவாரிக்கொண்ட மகராசன்களும் உண்டு.

ஊருக்கே கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்திருந்த காலம். இன்னார் மகன் ஹைதராபாத் போனான், அங்கிருந்து அமெரிக்கா போனான் என்று தினம் ஒரு கதை வரும். எங்கள் லேபில் ஒரு மெஷினுக்கு மூன்று பேர். வெளியே காசு கட்டி கோர்ஸ் படித்த டவுன் பையன் கீபோர்டைப் பிடித்துக்கொள்வான். மற்ற இரண்டு பேரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருத்தி, சித்தூர் தாண்டித் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிற குடிபாலா பக்கத்துப் பெண். எம்.சி.ஏ. கடைசி வருடம். அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. தங்கை பத்தாவதோடு நின்று, எல்லை தாண்டி ராணிப்பேட்டை ஷூ கம்பெனிக்கு வேனில் போய் வந்தாள். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா படித்தாள். அக்காவுக்கு வேலை கிடைத்தால் தங்கை மறுபடி பள்ளிக்கூடம் போவாள். இல்லையென்றால் அக்காவும் அதே வேனில் ஏற வேண்டியதுதான். பெங்களூருக் கம்பெனி ஒன்று மெஷினிலேயே டெஸ்ட் வைத்து ஆள் எடுக்க வருகிறது என்று தெரிந்த அன்று, லேப் பொறுப்பாளன் என்று என்னிடம் வந்து இதையெல்லாம் சொன்னாள். அழவில்லை.

“சார், நான் இன்னும் அந்த கீபோர்டத் தொட்டதே இல்ல.”

“இத்தன நாளா என்னம்மா பண்ணே? சாயந்திரம் பூரா லேப் தொறந்துதானே கீது?” என்று எரிந்து விழுந்தேன்.

“நீங்க தொறக்கறப்ப நான் பஸ்ல ஊருக்குப் போய்க்கினு இருப்பேன் சார். காலையில மொத பஸ்ல வந்து, பூட்டின கதவுகிட்ட குந்திக்கினு இட்லி துன்றேன். அப்ப தொறந்தா ஆவாதா?”

சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் வகுப்பில், “லேபில் என்ன குறை, சொல்லுங்கள்” என்று கேட்டேன். “பாகுந்தி சார்!” என்று மொத்தமாகக் குரல் கொடுத்தார்கள். நன்றாக இருக்கிறதாம்! எது கேட்டாலும் சாரிடம் பாகுந்தி என்று சொல்வதுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாருங்கள். மேசைகளை உங்கள் இஷ்டப்படி நகர்த்துங்கள். நான் வாயே திறக்க மாட்டேன்” என்றேன்.

வந்தார்கள். ஜன்னல் பக்கவாட்டில் வருகிற மாதிரி மேசைகளை வடக்கே திருப்பினார்கள். ஒவ்வொரு மெஷினுக்கு முன்னாலும் மூன்று நாற்காலி பக்கம் பக்கமாகப் போட இடம் விட்டார்கள். சாமான்களைத் தள்ளி முடித்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள்.

“மேசைய மட்டும் மாத்தினா பத்தாது சார். தெரிஞ்சவங்க கீபோர்டத் தொடக் கூடாது. தெரியாதவங்க கையிலதான் அது இருக்கணும். தெரிஞ்சவங்க பக்கத்துல குந்திக்கினு வாயால சொல்லட்டும்.”

டவுன் பையன் ஒருவன் குதித்தான். அவள் அசையவில்லை.

“எங்க ஊர்ல நடவுக்குப் புதுசா வர்றவள நடுவுல வுடுவாங்க. ரெண்டு பக்கமும் கைவேகக்காரங்க. வரப்புல நின்னு வேடிக்க பாருன்னா, அவ என்னிக்கி நாத்து நடறது?”

அடேயப்பா! நானும் புத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன், நடவு பார்த்து வளர்ந்தவன். எனக்கு இது தோன்றியதே இல்லை. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

திங்கட்கிழமை துறைத் தலைவர் வந்து கதவிலேயே நின்றுவிட்டார். “தூர்ப்பு எக்கட?” கிழக்கு எங்கே போயிற்று என்று கேட்கிறார். அவள்தான் பணிவாக, “கொண்ட வைப்பு சார்” என்றாள். மலைப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். தலைவர் வடக்கே திரும்பினார். ஏழுமலையான் இருக்கிற திசை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கு மேல் எந்த வாஸ்து வாய் திறக்கும்?

அன்றிலிருந்து காலையிலேயே லேபைத் திறந்தேன். முதல் பஸ்ஸிலும் ரேணிகுண்டா வழியாக வரும் பாசஞ்சரிலும் வந்தவர்கள் டிபன் பாக்ஸோடு நுழைந்தார்கள். டவுன் பையன்கள்தான் பாவம். கை தானாகச் செய்ததை வாயால் சொல்ல வரவில்லை. “அது... அதைப் போடு... அட, அதுதான்!” என்று திணறிவிட்டு, புத்தகத்தைத் திறந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார்கள். அவள் முதலில் அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வோர் எழுத்தாகத் தேடினாள். டெஸ்ட் நெருங்கும்போது கீபோர்டைப் பார்க்காமலே தட்டினாள்.

பெங்களூர்க்காரர்கள் டெஸ்ட் வைத்த அன்றே சாயந்திரம் பெயர்களைப் படித்தார்கள். அவள் பெயரும் வந்தது. எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்தாள். “எழுந்திரும்மா, உன்னத்தான்!” என்று கத்தினேன்.

கேட்டுக்கு வெளியே எஸ்.டி.டி. பூத்துக்குக் கூட்டிப்போனேன். அவள் ஊரில் ஒரு மளிகைக் கடையில்தான் போன். கடைக்காரர் போய் அப்பாவைக் கூட்டிவந்தார். “நைனா” என்றாள். உடனே ரிசீவரை என் பக்கம் நீட்டினாள். வாங்கி நானே சொன்னேன்: “உங்க பொண்ணுக்கு பெங்களூர்ல வேல கெடச்சிடுச்சிய்யா.”

“சின்னவ இப்பதான் வேன வுட்டு எறங்கி வர்றா சார். இருங்க, கூப்புடறேன். பெரியவளே அதுகிட்ட சொல்லட்டும்” என்றார்.

ரிசீவரை அவளிடம் கொடுத்தேன். துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“நாளைக்கி நீ வேன் ஏறாதடி” என்றாள்.