நான் வாயை மூடிக்கொண்டிருந்த சாயங்காலங்கள்

நத்தம் ரோட்டில் லாரி உள்ளே வந்து திரும்பும் அளவுக்கு வாடகைப் பந்தல் சாமான்களுக்கு ஷெட் போட்டது நான். இரண்டு டெம்போ, ஒரு மண்டபத்தை நிறைக்கும் நாற்காலிகள், ஊருக்கே சமைக்கும் அண்டாக்கள், ஜெனரேட்டர், மைக் செட், எல்லாம் நான் சேர்த்தவை. கன்னிவாடிப் பக்கம் பாறைக்காட்டை வாங்கியபோது தண்ணீர் கிடைக்காது என்று சிரித்தார்கள். இன்று அங்கே தென்னை நிற்கிறது. சூறைக்காற்றில் நான் போட்ட முகூர்த்தப் பந்தல் பறந்து, இவன் தொலைந்தான் என்று ஊர் பேசிய மறுநாளே, அதே வீட்டு விருந்துக்கு மறுபடியும் பந்தல் போட்டேன். இரண்டு பெண்களைப் படிக்க வைத்துக் கட்டிக் கொடுத்தேன். இத்தனையும் செய்தவன் படித்தது நான்காம் வகுப்பு. தூக்கிவிட அண்ணன் தம்பியும் இல்லை, மாமன் மச்சானும் இல்லை.

இதில் எதற்கும் நான் யாரிடமும் பாராட்டு கேட்டதில்லை. கேட்க வேண்டி வந்தது என் மனைவி படித்த விஷயத்தில்தான்.

எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்குச் சாயங்கால வகுப்பு ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் படிக்கிற வீட்டில் பெரியவர்களும் படிக்க வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை பேசியிருக்கிறார். பேத்தியைக் கூட்டிவரப் போன என் மனைவி அங்கேயே பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் படியே ஏறாதவள். இப்போது அறுபதைத் தாண்டியவள்.

"பத்து நாளைக்குப் போவ," என்றேன்.

"பதினோராம் நாளு வந்து இதக் கேளுங்க," என்றாள்.

அன்றிலிருந்து வீட்டில் டீச்சர் புராணம்தான். டீச்சர் சொன்னாக, டீச்சர் சிரிச்சாக, டீச்சர் எங்கிட்டதான் மொதல்ல கேட்டாக. அந்த டீச்சர் பாலசமுத்திரத்துப் பெண், என் சின்ன மகளைவிட வயதில் இளையவள். கண்ணை டாக்டரிடம் காட்டு, காட்டு என்று வருஷக்கணக்கில் நான் கத்தியிருக்கிறேன். டீச்சர் ஒரு தடவை சொன்னதும் போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்? பொறாமைதான். ஒளிக்க என்ன இருக்கிறது?

இந்தப் பொறாமையின் வேர் எங்கே என்று சொல்லாவிட்டால் என்னை அற்பன் என்று நினைப்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளுக்கு வாசிப்பவன் நான். பஸ் ஸ்டாண்டில் என் தோளுக்குப் பின்னால் நின்று, "எந்த ஊருன்னு போட்டிருக்கு?" என்பாள். நான் சொன்னால் ஏறுவாள். பந்தலுக்குச் சொல்ல வருகிறவர்கள் கல்யாணப் பத்திரிகை வைத்துவிட்டுப் போவார்கள். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவளுக்கு வாசிப்பேன். "ஆத்தாடி, எம்புட்டு வேகமாப் படிக்கிறீக!" என்பாள். மண்டப மேனேஜர்களும் எஞ்சினியர்களும் "சார் என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் நான் படித்தவன். அந்த ஆளை ஒரு சின்னப் பெண் சாக்பீஸோடு வந்து என்னிடமிருந்து கொண்டுபோகிறாள்.

ஒருநாள் பழனிக்குக் கிளம்பினோம். பஸ் ஸ்டாண்டில் நான் கண்ணாடியைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் விறுவிறுவென்று முன்னால் போய்விட்டாள்.

"ஏ புள்ள, எங்க போற? போர்டப் பாக்க வேணாமா?"

"பாத்துட்டேன். பழனி வண்டிதான். ஏறுங்க."

"எனக்குத் தெரியாம நீ என்னத்தப் பாத்த?"

வண்டிப் படியில் நின்ற கண்டக்டர் சிரித்தான். "அம்மா சொல்றது சரிதாங்கய்யா. நம்பி ஏறுங்க."

ஏறினேன். ஒட்டன்சத்திரம் வரைக்கும் கடை போர்டு ஒன்றையும் அவள் விடவில்லை. 'ஆழ்துளைக் கிணறு' என்று ஒரு சுவரில் இருந்ததை வண்டி தாண்டிப் போன பிறகும் எழுத்தெழுத்தாகக் கூட்டிக்கொண்டே வந்தாள். சேர்ந்ததும் முகமெல்லாம் மலர்ச்சி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அவளோ, "நாளைக்கு டீச்சர்ட்ட சொல்லணும்," என்றாள்.

இனி என் பங்கைச் சொல்கிறேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முட்டிவலிக்காரர்கள். தரையிலும் உட்கார முடியாது, பிள்ளைகளின் பெஞ்சுக்குள் காலையும் மடக்க முடியாது. முதல் வாரத்திலேயே பாதிப் பேர் நின்றுவிடுவதாக இருந்தது. ஷெட்டிலிருந்து கைவைத்த நாற்காலிகளை அனுப்பி வைத்தேன். பள்ளிக்கூடத்துச் சந்தில் விளக்கு இல்லை, நாய்த் தொல்லை. என் பல்பு சரத்தைக் கட்டினேன். சாயங்காலம் அவள் புத்தகப் பையோடு கிளம்பினால், காலையில் வைத்த குழம்பை, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இல்லாமல் ஊற்றிச் சாப்பிட்டேன். இதெல்லாம்கூடப் போகட்டும்.

வகுப்பு முடிந்து வந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து அவளே படிக்க உட்காருவாள். அவளுக்குப் பாடப்புத்தகம் பாதி என்றால் நான் கொண்டுவந்த பத்திரிகைகள் மீதி. 'நிச்சய' என்று திணறுவாள். நான் "நிச்சயதார்த்தம்" என்று எடுத்துக் கொடுப்பேன். உதவிதானே? அவளோ பத்திரிகையை மடக்கி வைத்துவிடுவாள். போய் டீச்சரிடம் புகாரும் சொல்லிவிட்டாள்.

டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க ஐயா, அம்மா தடுமாறுனா தடுமாறட்டுங்க. நீங்க எடுத்துக் குடுத்தா அது உங்க படிப்பு ஆயிருமுங்க."

"தெரிஞ்சதச் சொல்லக் கூடாதாம்மா?"

"தெரிஞ்சவங்க சும்மா இருக்கறதுதாங்க கஷ்டம்."

என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் பேசக் கூடாது என்கிறாள். எழுந்து உள்ளே போய்விட்டேன். ஆனால் மறுநாளிலிருந்து பேசவில்லை. எப்படி என்று கேளுங்கள். பத்திரிகையை அவள் எடுத்ததும் நான் வெற்றிலையைப் போட்டு வாயை நிரப்பிக்கொள்வேன்.

ஒரு சாயங்காலம் 'சுபமுகூர்த்தம்' வந்தது. 'மு' வரைக்கும் வந்து நின்றுவிட்டாள். கூ, கூ என்று குயில் மாதிரி கூவுகிறாள். எனக்கோ அந்தச் சொல் தொண்டையில் நிற்கிறது. என் பிழைப்பே அந்தச் சொல். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெற்றிலைச் சாறு வேட்டியில் ஒழுகியது. ஒரு வழியாக "முகூர்த்தம்!" என்று கத்தினாள். சரியா என்று என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. சரி என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சூறைக்காற்றில் பந்தல் போனபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா வந்தது. ஷாமியானா என்னுடையது, மைக் என்னுடையது. சாயங்கால வகுப்பின் சார்பாகப் பேச அவளைக் கூப்பிட்டார்கள். அரக்குச் சேலை கட்டிக்கொண்டு போய், தானே எழுதிய காகிதத்தைத் தட்டுத்தடுமாறாமல் படித்தாள். தலைமையாசிரியைக்கு நன்றி, டீச்சருக்கு நன்றி, பேத்திக்கு நன்றி, துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு நன்றி, கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேனுக்கு நன்றி. அடுத்தது நான்தான் என்று துண்டைச் சரிசெய்துகொண்டேன். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

மைக் போடுகிற ஆள் என் காதருகே குனிந்தான். "மொதலாளி, மைக்கு மக்கர் பண்ணிருச்சா? உங்க பேரு மட்டும் கேக்கலையே."

"ஏலே, பேசாம வயரச் சுத்து."

வீட்டுக்கு வந்ததும் கேட்டுவிட்டேன். "வாட்ச்மேனுக்கெல்லாம் நன்றி சொன்னியே?"

"ஆமா. மழையிலயும் வந்து தொறந்து விட்டாரு."

"நான்?"

"வீட்டு ஆளுக்கு யாராச்சும் மைக்குல நன்றி சொல்லுவாகளா? சிரிக்க மாட்டாக?"

"அப்ப உனக்குத் தெரியும், நான் என்ன செஞ்சேன்னு."

"வெத்தலச் சாறு பட்ட வேட்டியெல்லாம் யாரு தொவச்சது? தெரியாமயா இருக்கும்?" என்று சொல்லிவிட்டுச் சாதத்தைப் போட்டாள். செத்த நேரம் கழித்து, "பள்ளிக்கூடத்து ஆண்டு மலருல, படிக்கிறவுக வீட்டு ஆளுகளும் எழுதலாமாம், டீச்சர் சொன்னாக. மனசுல இருக்கிறத எழுதிக் குடுங்க," என்றாள். அங்கேயும் டீச்சர்தான்.

எழுதிவிட்டேன். அவள் அடுத்துத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப் போகிறாள். என் நான்காம் வகுப்பு பின்னால் நிற்கப் போகிறது. பொறாமை தீரவில்லை, தீரும் என்றும் தோன்றவில்லை. பொறாமை இருந்தும் நான் அவளை நிறுத்தவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள். வயதானவர்கள் படிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், அப்படிப் படிக்கிறவர்கள் வீட்டில் எதிரே உட்கார்ந்திருக்கிறவனையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். படிக்கிறவள் திணறும்போது விடை தெரிந்தும் பேசாமல் இருப்பது சாதாரண வேலை இல்லை. பந்தல் தொழிலில் நான் தூக்கிய எந்தக் கம்பமும் அவ்வளவு கனக்கவில்லை.

நாற்காலிக்கும் விளக்குக்கும் நன்றி போட வேண்டாம், அவை அன்பளிப்பு. மலரில் அவள் படத்துக்குக் கீழே, கற்றுக்கொடுத்தவர் என்று டீச்சர் பெயரைப் போடுவீர்கள். போடுங்கள். அதற்கு அடுத்த வரியில், அதே அளவு எழுத்தில், எடுத்துக் கொடுக்காமல் இருந்தவர் என்று என் பெயரைப் போட வேண்டும்.