காதுக்குள் மூத்தவள்

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் அப்படியே படித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் நடந்தது எனக்கு. கேட்டது என் காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினோரு வருஷமாகக் கண் பரிசோதிக்கிறேன். பிரமை எது, பார்வை எது என்று தெரியாதவள் இல்லை நான்.

என் கணவருக்கு நான் இரண்டாவது மனைவி. மூத்தவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. ஹாலில் மாட்டியிருக்கும் போட்டோவில்தான் அவளை எனக்குத் தெரியும். அந்தப் போட்டோவைத் துடைப்பதும் நான்தான். துடைத்துக்கொண்டே மனசுக்குள் திட்டுவதும் நான்தான். செத்தவள்மேல் என்ன பொறாமை என்று என் நாத்தனார் கேட்பாள். உயிரோடு இருப்பவள் என்றால் ஒருநாள் நேருக்கு நேர் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். செத்துப்போனவள் சமையலில் என்றைக்குமே உப்பு கூடிப்போவதில்லை. அவளோடு எப்படி மல்லுக்கு நிற்பது?

இவரை நான் முதலில் பார்த்தது கடையில்தான். "இடது கண்ணை மூடுங்க" என்றேன். "எதுக்கு?" என்றார். சொன்னேன். "சரி, இப்ப வலது கண்ணை மூடுங்க" என்றேன். அதற்கும் "எதுக்கு?" என்றார். காரணம் சொல்லாமல் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிடித்தும் போனது.

போன வருஷக் கடைசியில் திடீரென்று ஒருநாள், "ஒரு ஊருக்குப் போய்ட்டு வரலாமா?" என்றார். ராஜாக்கள் ஆண்ட பழைய நகரம். அரண்மனை, கோட்டை, குன்று, ஏரி எல்லாம் உண்டு. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் அவராக என்னை எங்கும் கூப்பிட்டதில்லை. நான் புதுச் சேலையே எடுத்துவிட்டேன். கத்தரிப்பூ நிறம்.

முதல் இரண்டு நாள் ஊரைச் சுற்றியுள்ள இடங்கள். குன்றின்மேல் ஏறினோம். ஏரியில் படகில் போனோம். மனிதர் பக்கத்து வீட்டுக்காரரின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் மாதிரி கூடவே வந்தார். போட்டோவுக்கு நிற்கச் சொன்னால் "எதுக்கு?" என்றார்.

மூன்றாம் நாள் அரண்மனை. அன்றைக்குக் காலையில் இரண்டு தடவை ஷேவ் செய்தார். நீலச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு களை. எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அரண்மனைக்குப் போய்ச் சேரும்போது மணி நாலு. ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். வாசலில் ஆடியோ கைடு கொடுத்தார்கள். கையடக்க மெஷின், கூட ஒரு ஹெட்போன். ஒவ்வொரு அறையிலும் சுவரில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணை அழுத்தினால் அந்த அறையைப் பற்றிக் காதில் சொல்லும். "தமிழ்ல ரெண்டு குடுங்க" என்றார். 

ஒன்றாம் எண்ணை அழுத்தினேன்.

"வணக்கம். அரண்மனைக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்."

ஒரு பெண் குரல். நிதானம், இனிமை. ஒரு எழுத்து பிசகவில்லை.

"நல்ல குரலுங்க" என்றேன்.

"அவ குரல்தான்" என்றார்.

"எவ?"

"அவதான். ரெக்கார்டிங் ஸ்டுடியோல வேலை பார்த்தப்ப இந்த அரண்மனைக்குப் பேசிக் குடுத்தா. அவ போனதுக்கு அப்புறம் வருஷத்துக்கு ஒருதடவை வந்து கேட்டுட்டுப் போவேன். நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் இதான் முதல் தடவை." இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே எரிந்தது. என்னை ஊர் பார்க்க அழைத்து வரவில்லை இந்த மனுஷன். அவளைப் பார்க்க வந்திருக்கிறார். துணைக்கு நான்!

ஹெட்போனைக் கழற்றி அவர் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அவர் காதில் அவள் என்ன பேசுகிறாள் என்று எனக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரிந்தாக வேண்டும். அதனால் மாட்டிக்கொண்டே நடந்தேன்.

கொலு மண்டபம். ஆயுத அறை. தந்தப் பல்லக்கு. எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்ல இவர் தலையாட்டிக்கொண்டே போனார். நான் வீட்டில் பேசும்போது ஒருநாளாவது இப்படித் தலையாட்டியிருப்பாரா?

பட்டத்து ராணியின் அறை. எண் ஒன்பது.

"இது பட்டத்து ராணியின் அறை. அரசர் நாள்தோறும் மாலையில் இங்கே வருவார்." ஒரு சின்ன இடைவெளி. "இளையவளுக்கு இங்கே இடம் இல்லை."

சுவரில் இருந்த பலகையைப் படித்துப் பார்த்தேன். அந்த அரசருக்கு ஒரே ராணிதான் என்று போட்டிருந்தது. இளையவள் என்று யாரும் இல்லை.

எழுதிக் கொடுத்தவர்கள் தப்பாக எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது கண்ணாடிக் கூடம். தரையிலிருந்து கூரை வரை ஆளுயரக் கண்ணாடிகள். எண்ணை அழுத்த விரலைக் கொண்டுபோனேன். அழுத்தவில்லை. அதற்குள் காதில் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம்... பேச ஆரம்பிப்பவர்கள் இழுப்பார்களே, அது.

"இந்தக் கண்ணாடிகள் கப்பலில் வந்தவை. இவற்றில் எந்த நிறமும் இரட்டிப்பாகத் தெரியும்."

இடைவெளி.

"கத்தரிப்பூ நிறம் அவருக்குப் பிடிக்காது."

கண்ணாடி முழுக்க நான். பத்து நான், இருபது நான். எல்லோரும் கத்தரிப்பூ நிறத்தில்.

"ஏங்க... உங்களுக்கும் இப்படித்தான் சொல்லுதா?" என்று திரும்பினேன்.

அவர் கூடத்தின் கடைசிக்குப் போயிருந்தார். காதில் ஹெட்போன். உதடு அசைந்தது. பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்தது பயமா, கோபமா என்று கேட்டால் கோபம்தான் முதலில் வந்தது. அவளோடு குசுகுசுவென்று பேச்சு என்ன வேண்டிக்கிடக்கிறது! விறுவிறுவென்று பின்னால் போனேன். அவர் ஒரு குறுகலான படிக்கட்டில் ஏறினார். நானும் ஏறினேன்.

மேலே மொட்டை மாடி.

மணி ஐந்து பத்து. வெயில் இறங்கியிருந்தது. வேறு ஒரு ஆள் இல்லை. எதிரே அரண்மனையின் பெரிய கோபுரம், உச்சியில் மட்டும் வெளிச்சம். இவர் பத்தடி தள்ளிக் கோபுரத்தைப் பார்த்து நின்றார்.

சுவரில் எண் இல்லை. நான் எதையும் அழுத்தவில்லை.

"கோபுரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது குரல்.

போனை எடுத்தேன். ஏன் எடுத்தேன்? ஒரு மணி நேரமாக அது இடது பக்கம் என்றால் இடது பக்கம், வலது பக்கம் என்றால் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பழகிவிட்டது.

"உச்சி தெரியவில்லையா? ஓர் அடி பின்னால் போங்கள்."

போனேன்.

"இன்னும் ஓர் அடி."

போனேன். முதுகில் காற்று பட்டது.

"இன்னும் ஒரே ஒரு அடிதான்... தங்கச்சி."

தங்கச்சி.

நிற்க நினைத்தேன். ஆனால் கால் தூக்கியாகிவிட்டது.

அந்த நொடியில் போன் திரையின் ஓரத்தில், என் பக்கம் திரும்பியிருந்த இவர் முகம் தெரிந்தது. கண் இரண்டும் மூடியிருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. எனக்கென்று ஒருநாளும் வராத சிரிப்பு.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. தூக்கிய காலை முன்னால் வைத்தேன். ஒரே பாய்ச்சல். அவர் தலையிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கினேன்.

பின்னால் ஏதோ உருண்டது.

சத்தமில்லை.

...

...டக்.

வெகு கீழே.

திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்துக்குப் பின்னால் கைப்பிடிச் சுவரே இல்லை. மராமத்துக்காக இடித்திருந்தார்கள். குறுக்கே கட்டியிருந்த கயிறு அவிழ்ந்து தரையில் கிடந்தது. என் குதிகால் தட்டிய செங்கல் துண்டுதான் விழுந்தது.

என்னுடையதைக் கழற்றிவிட்டு, கையில் இருந்த அவருடைய ஹெட்போனைக் காதில் வைத்தேன்.

இரைச்சல் மட்டும்.

அப்புறம், ஒரு பெண் குரல். ஒரே ஒரு சத்தம்.

"ச்சே."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தால் சொல்வோமே, அந்த "ச்சே". அவ்வளவுதான். அடங்கிவிட்டது.

இவர் கண்ணைத் திறந்தார். "என்னாச்சு?" என்றார். நான் விளிம்பைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவர் முகம் வெளுத்துப்போனது. என் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தார். தண்ணீர் வாங்க அவர் வெளியே போன நேரத்தில் நான் கவுன்ட்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண்ணிடம் சத்தம் போட்டேன்.

"மாடியில சுவரே இல்ல. பின்னால போ, பின்னால போன்னு சொல்லுது உங்க மெஷின். யாராவது விழுந்து செத்தா யாரு பொறுப்பு?"

அந்தப் பெண் குழம்பிப்போனாள். "மாடிக்குப் பதிவே கிடையாதுங்க. அந்தப் படிக்கட்டுக் கதவையும் பூட்டித்தான் வச்சிருக்கோம். என்ன குரல்ல சொல்லுச்சு?"

"ஒரு பொம்பள குரல். எல்லா அறையிலயும் அவதானே பேசறா!"

"பொம்பள குரலா?" இரண்டு மெஷினையும் வாங்கினாள். ஒரு மெஷினில் ஒன்றாம் எண்ணை அழுத்தி என் காதில் வைத்தாள்.

"வணக்கம். அரண்மனைக்கு வருகை தந்துள்ள..."

ஆண் குரல். சளி பிடித்த மாதிரி ஒரு கனத்த ஆண் குரல். ஒன்பதை அழுத்தினாள். அதே ஆள். இன்னொரு மெஷினிலும் அதே ஆள்.

"பழைய பதிவ ஒரு வருஷத்துக்கு முன்னாடியே எடுத்துட்டாங்கக்கா. தமிழ்ல இப்ப இது ஒண்ணுதான் இருக்கு."

நான் அவரிடம் அதைச் சொல்லவில்லை. தங்கியிருந்த லாட்ஜ் அறைக்கு வந்து, சேலையை மாற்றிக்கொண்டு, அவர் எதிரில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"மாடியில உங்க காதுல என்ன சொன்னா?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கண்ணை மூடிக்கோங்கன்னா. நான் சொல்றவரைக்கும் திறக்காதீங்க... திறக்கும்போது நாம ரெண்டு பேர் மட்டும்தான் இருப்போம்னா."

"நீங்க?"

"மூடிக்கிட்டேன்."

வீட்டுக்குத் திரும்பியதும் ஹாலில் இருந்த போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டார், நான் சொல்லாமலே. எனக்காகச் செய்கிறாராம். இப்போதும் கடையில் யாரிடமாவது "கண்ணை மூடுங்க" என்று சொல்லும்போது என் குரல் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. பத்தில் எட்டுப் பேர் ஏன் மூட வேண்டும் என்று கேட்கிறார்கள்.

என்னிடம் எல்லாவற்றுக்கும் "எதுக்கு?" என்று கேட்கிற மனுஷன், அவளிடம் மட்டும் கேட்கவில்லை.