எழுபது வயதில் முளைத்த மூக்கு

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். கடல் ஊருக்குள் வந்துபோன மறுவருஷம் அந்த மூக்கிலேயே பாதி போய்விட்டது. கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

முதலில் மூக்கின் வலப்பக்கம் சின்னதாக ஒரு பரு வந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன், சுண்ணாம்பு வைத்தேன், கிள்ளியும் பார்த்தேன். ஆறுவதும் பொருக்குத் தட்டுவதும் மறுபடி கசிவதுமாக ஒரு வருஷத்துக்கு மேல் என்னோடு குடித்தனம் நடத்தியது அது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது துளி சதை எடுத்துச் சோதித்துவிட்டு, தோலில் வருகிற புற்றுநோய் என்றார்கள். சாதாரணமாக மற்ற இடங்களுக்குப் பரவாத வகை, வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று தைரியமும் சொன்னார்கள். வெட்டினார்கள். சுத்தமாக எடுத்தாகிவிட்டது என்று ரிப்போர்ட்டும் வந்தது. ஆனால் நோயோடு சேர்ந்து மூக்கின் நுனியும் வலப்பக்கத்து மடலும் போயிருந்தன.

கட்டுப் பிரித்த அன்று கண்ணாடி கேட்டேன். நர்ஸ் தயங்கினாள். அதட்டி வாங்கிப் பார்த்தேன். பார்த்ததை இங்கே விவரிக்கப் போவதில்லை. அழுதேன். அழுதால் மூக்கைச் சிந்த வேண்டும், அதற்கும் வழியில்லாமல் இருந்தது இன்னும் பெரிய அவமானம்.

அவமானப்பட்டவளை மூக்கறுபட்டாள் என்கிறோம், அழகாக இருப்பவளை மூக்கும் முழியுமாக இருக்கிறாள் என்கிறோம். இரண்டையும் வாழ்நாள் முழுக்க வாய் நிறையச் சொன்னவள்தான் நான். இப்போது யார் எதைச் சொன்னாலும் எனக்குச் சுருக்கென்றது. வெளியே போனால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடி நிற்கவில்லை, கயிறு கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்துகொண்டேன். குருசுக்குப்பத்திலிருந்து கூடை தூக்கி வரும் மீன்காரம்மா மட்டும், எங்கே காட்டு பார்ப்போம் என்று துணியை விலக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, வழக்கம்போல விலையில் சண்டை போட்டாள். அவளிடம் மட்டும்தான் அந்த நாட்களில் நான் சிரித்துப் பேசினேன்.

லாஸ்பேட்டையில் நான் தனியாகத்தான் இருந்தேன். என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், எங்கள் ஊர் பாஷையில் சொல்தா. அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரே மகன் பிரான்சில். பக்கத்தில் இருக்கும் சொந்தம் என்றால் கருவடிக்குப்பத்தில் என் நாத்தனார், அவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கெட்டவர் இல்லை, சாஸ்திரக்காரர். தம்பி செத்த பத்தாம் நாள் நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு என் பொட்டை அழிக்க வந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். யாரும் எதிர்பார்க்கவில்லை, நானே எதிர்பார்க்கவில்லை. பொட்டு என் நெற்றியில் தங்கிவிட்டது. அதற்கப்புறமும் அவர் கருவாட்டுக் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு கிண்ணம் வரும். ஆனால் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் எனக்கு விபூதி மட்டும்தான் தருவார். குங்குமத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார்.

மூக்கை மறுபடி உண்டாக்கலாம் என்று சொன்னது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவர், என் மகன் வயதுகூட இருக்காது. இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, ரப்பர் மாதிரி ஒன்றில் செய்த மூக்கு. காலையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டு ராத்திரி கழற்றி வைக்கலாம். மாதிரிக்கு ஒன்றைக் காட்டினார். சவுரி முடி தெரியும், பல் செட் தெரியும். டப்பாவில் போட்டு மூடுகிற மூக்கை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இன்னொரு வழி, என் நெற்றித் தோலையே எடுத்து மூக்காக்குவது. நெற்றியிலிருந்து ஒரு பட்டை அளவு தோலைக் கீறி எடுப்பார்கள். ஆனால் புருவத்தின் பக்கம் அதன் அடியை அறுக்க மாட்டார்கள். அப்படியே கீழே திருப்பி மூக்கில் வைத்துத் தைத்துவிடுவார்கள். உள்ளே நிமிர்ந்து நிற்கக் காதிலிருந்து கொஞ்சம் குருத்தெலும்பு. மூன்று வாரம் அந்தத் தோல் புருவத்து ரத்தத்தில் உயிர் பிழைக்கும். அதற்குள் மூக்கிலிருந்து புது ரத்த ஓட்டம் பிடித்துக்கொள்ளும். பிறகு நடுவில் தொங்குகிற பாலத்தை அறுத்துவிடலாம்.

“நாத்து நட்டா வேர் புடிக்கிற வரைக்கும் தண்ணி கட்றோம் இல்ல, அந்த மாதிரிதாம்மா. இது வெள்ளைக்காரன் கத்துக்குடுத்தது இல்ல. நம்ம நாட்டு ஆளுங்ககிட்டருந்து அவங்க கத்துக்கிட்டது” என்றார்.

எனக்குச் சர்க்கரை உண்டு, ரத்தக் கொதிப்பு உண்டு, வயது எழுபது. தோல் பிடிக்காமல் கறுத்துப்போனால் மூக்கும் கிடைக்காது, நெற்றியும் தழும்பாகிவிடும். அதையும் அந்தப் பெண் மறைக்கவில்லை. வயதைவிட ரத்த ஓட்டம்தான் முக்கியம், உங்களுக்கு அது நன்றாக இருக்கிறது என்றார். நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மகன் போனில் கெஞ்சினான். நோய்தான் போய்விட்டதே, இந்த வயதில் எதற்கு வேண்டாத ஆபத்து, ரப்பர் மூக்கே போதும் என்றான். அவனுக்கு என்ன, அங்கே எல்லாமே கடையில் கிடைக்கும். நாத்தனாரோ நேரிலேயே வந்துவிட்டார்.

“கட்டையில போற வயசுல மூக்கு எதுக்கு?” என்றார்.

“போறப்போ மூக்கோட போறேன் அண்ணி” என்றேன்.

போட்ட காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனார். ஆப்பரேஷனுக்கு வரமாட்டேன் என்று தெருவில் நின்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ரப்பர் மூக்கை நினைத்தால் வருத்தம் ஓடிவிடும். மகன் வந்து கையெழுத்துப் போடட்டுமே என்று ஆஸ்பத்திரியில் யாரோ இழுத்தபோது, அவங்க மூக்குக்கு அவங்க கையெழுத்து போதும் என்று டாக்டரம்மா முடித்துவிட்டார்.

மயக்கம் தெளிந்தபோது நெற்றி முழுக்கக் கட்டு. இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஏதோ தடியாகத் தொங்கியது. நர்ஸ் அடிக்கடி வந்து புது மூக்கை விரலால் மெல்ல அழுத்துவாள். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். சிவந்தால் தோலுக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். அவள் மூக்கில் அழுத்துகிறாள், எனக்கோ நெற்றியில் அழுத்துவது போல இருந்தது. பொட்டு வைக்கிற இடத்துக்குச் சற்று மேலே. ஒரு ஈ மூக்கில் வந்து உட்கார்ந்தது, என் கை நெற்றிக்குப் போய் அங்கே போட்டிருந்த கட்டின்மேல் இடித்தது. மூளை குழம்பிவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டேன். டாக்டரம்மா சிரித்தார்.

“நரம்பு இன்னும் அங்கருந்துதாம்மா வருது. அந்தத் தோலுக்கு இன்னும் நெத்தியில இருக்கறதா நெனப்பு.”

பாலத்தை அறுத்த பிறகு அந்த உணர்ச்சியும் போய்விடும் என்றார். மூக்குக்கென்று புது உணர்ச்சி பிறகு மெல்ல வரலாம், வராமலும் போகலாம், இந்த வயதில் சத்தியம் பண்ண முடியாது என்றார். அவர் வாயிலும் இந்த வயது வந்துவிட்டதே என்று எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் சாயங்காலம் அவர் முகம் மாறியது. மூக்கு நீலம் பாரித்திருந்தது. ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வரத் திணறுகிறது என்றார். இரண்டு தையலைத் தளர்த்திவிட்டு, காலையில் பார்க்கலாம் என்றார். துணைக்கு இருந்த எதிர்வீட்டுப் பெண்ணைத் தூங்கச் சொல்லிவிட்டேன். பிடிவாதம் பிடித்து நெற்றியையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனா என்று மட்டும் மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. பயத்தில் எப்போது தூங்கினேன் என்று தெரியவில்லை.

காலையில் நர்ஸின் அலறலில்தான் விழித்தேன். மூக்கு நுனி கருஞ்சிவப்பாக இருக்கிறது என்று கத்திக்கொண்டே ஓடினாள். டாக்டரம்மா படியேறி மூச்சிரைக்க வந்தார். குனிந்து பார்த்தார். அந்த முகத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். தன் பிள்ளை கீழே விழுந்ததைப் பார்த்த முகம். விரலால் தொடப் போனவர் நிறுத்தி, கிட்டத்தில் வந்து பார்த்து, மோந்து பார்த்தார்.

“புண்ணுல யாரு குங்குமம் வச்சது?”

வார்டு வாசலில் என் நாத்தனார் நின்றுகொண்டிருந்தார். வரமாட்டேன் என்று சபதம் போட்டவர், விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். நான் தூங்கியதால் சத்தம் காட்டாமல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறார்.

“நெத்தியில கட்டுப் போட்டிருக்குது” என்றார், டாக்டரம்மாவைப் பார்க்காமல். “நெத்தித் தோலு இங்கதானே இருக்குது. அதான் இங்க வச்சேன்.”

டாக்டரம்மாவுக்குக் கத்துவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பஞ்சை மருந்துத் தண்ணீரில் நனைத்து மெல்லத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தது மூக்கில். எனக்குத் தெரிந்ததோ நெற்றியில், ஈரமாக, சில்லென்று. என் பொட்டை யாரோ அழிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டேன். அன்றைக்கு யார் மணிக்கட்டைப் பிடித்தேனோ அந்த மனுஷி, இத்தனை வருஷம் எனக்கென்று ஒரு சிட்டிகை குங்குமம் தராதவர், இன்றைக்குத் தானே தேடி வந்து வைத்ததுதான் அழிகிறது. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பஞ்சோடு போயிற்று.

“கண்ணத் தொறங்கம்மா” என்றார் டாக்டரம்மா. குங்குமம் போன இடத்தை அழுத்தினார், விட்டார். “நீலம் போயிடுச்சு. நல்லா சிவக்குது. புடிச்சிக்கிச்சு.”

நாத்தனாரைக் கூப்பிட்டு, இனி ஒரு துளி எதையும் வைத்தால் உங்களையே வார்டில் போட்டுவிடுவேன் என்று மிரட்டினார். என் நாத்தனார் தலையைத் தலையை ஆட்டினார். கோயிலுக்குப் போனதால்தான் பிடித்தது என்று அவரும், தையலைத் தளர்த்தியதால்தான் பிடித்தது என்று டாக்டரம்மாவும் இன்றுவரை நம்புகிறார்கள். நான் இரண்டு பேரையும் பகைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த மூன்று வாரம் தும்பிக்கையோடு வீட்டில் இருந்தேன். நாத்தனார் துணிமணியோடு வந்து தங்கிவிட்டார். தெருப்பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பிள்ளையார் என்று தோப்புக்கரணம் போட்டன. பெரியவர்களும் நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து வெறித்தார்கள். ஒருநாள் நாத்தனார் பொறுமையிழந்து வாசலில் நின்று சத்தம் போட்டார்.

“என்னத்த மொறச்சி மொறச்சிப் பாக்கறீங்க? எங்கூட்டுப் பொண்ணுக்கு மூக்கு மொளைக்குது.”

எழுபது வயதில் என்னைப் பெண் என்றதற்காகவே அவரை மன்னிக்கலாம்.

பாலத்தை அறுத்தார்கள். நெற்றியில் ஒரு கோடு, நடுவில் மூக்கு. முதலில் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது, பிறகு வடிந்தது. பழைய மூக்கைவிடக் கொஞ்சம் தடிமன்தான், ஆனால் என் நிறம், என் தோல். கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு மூக்குக் கண்ணாடியை வைத்தேன், நின்றது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பீச் ரோட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கல்யாணத்தன்று ஊர்வலம் போனபோதுகூட நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

ஒரே ஒரு குறை. டாக்டரம்மா சொன்னபடியே மூக்கு மரத்துக் கிடந்தது. கொசு கடித்தாலும் தெரியாது. காப்பி ஆவி பட்டாலும் தெரியாது. பார்ப்பவர்களுக்கு மூக்கு, எனக்கு இரவல் பொருள். எல்லோரும் பாராட்டும்போது நான் சிரித்துக்கொள்வேன், உள்ளுக்குள் இது என்னுடையதுதானா என்று இருக்கும். டாக்டரம்மாவிடம் கேட்டால், பொறுங்க என்பார். பொறுமை எனக்குப் பிறவியிலேயே கிடையாது.

மறுவருஷம் மகன் லீவில் வந்தான். ஆட்டோவிலிருந்து இறங்கியவன் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டான். எதை எதிர்பார்த்து வந்தானோ தெரியாது, அவன் கண் கலங்கியது. அங்கே பழகிய பழக்கம் அவனுக்கு, வரும்போதும் போகும்போதும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுப்பான். வேண்டாம் என்று சொன்ன குற்ற உணர்வோ என்னவோ, அன்றைக்கு அவசரமாகக் குனிந்தான். நான் இந்தப் பக்கம் திரும்ப, அவனும் அதே பக்கம் திரும்ப, அவன் தாடை என் மூக்கில் நங்கென்று இடித்தது.

என் கை தானாக எழுந்தது. நெற்றிக்குப் போகவில்லை, நேராக மூக்குக்குப் போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்தது.

“ஐயோ, வலிக்குதாம்மா?” என்று பதறினான்.

“வலிக்குதுடா” என்றேன். “இன்னொரு தரம் இடி.”