நிமிடத்துக்கு இரண்டு செகண்டு

“சீசாவுல சீரகம்… சீசாவுல சீரகம்… பம்பரம், பப்படம், பம்பரம்.”

மைக்கைப் பார்த்து இதைச் சொல்லிவிட்டு, ஆவுடைநாயகம் அண்ணாச்சி டேப்பைத் திருப்பி ஓடவிடுகிறார். சீரகத்தின் ‘சீ’ சீறுகிறதா, பப்படத்தின் ‘ப’ வெடிக்கிறதா என்று கண்ணை மூடிக் கேட்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்குகிறார். தென்காசித் தேரடியில் அவருடைய ரேடியோ ரிப்பேர்க் கடையைத் தாண்டிப் போகிறவர்கள் அந்த உதடு பிதுங்காமல் இருந்து பார்த்ததில்லை.

ஐம்பது வயது. கைவைத்த பனியன், காதில் செருகிய பென்சில், கழுத்தில் தையல்காரர் போல அளவு நாடா. ஓடாத பெட்டியைக் கொடுத்தால் அரை மணியில் ஓடவைத்துவிடுவார். அத்தோடு கையில் கொடுத்து அனுப்பினால் அவருக்குக் கோயிலே கட்டலாம். அனுப்பமாட்டார். “ஓடுது, சரி. எப்படி ஓடுதுன்னு பாக்கணும்லா?” என்பார். அந்தப் ‘பாக்கணும்லா’வுக்குள் போன பெட்டி வெளியே வருவதற்குள் கொடுத்தவருக்குப் பேரன் பிறந்து, அவனுக்கு மொட்டையும் அடித்துவிடுவார்கள்.

கடையநல்லூர் ரஹ்மத்துன்னிசா என்னிடம் படித்தவள். அவள் புருஷன் சேக் தாவூது, மகள் ஜாஹிரா பிறக்கும் முன்பே பினாங்குக்குக் கப்பலேறியவர். பிள்ளைக்கு மூன்று வயதாகிறது. அதன் குரலை அவர் கேட்டதில்லை. ஊருக்கு வந்த தன் தம்பியிடம் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்துவிட்டிருந்தார். பேசிப் பதிந்த டேப்பைத் தம்பி திரும்பிப் போகும்போது கொண்டுபோக வேண்டும். கப்பல் ஆட்டத்தில் பெட்டியின் சக்கரம் ஒன்று இறுகிவிட்டது. தென்காசியில் நல்ல கைக்காரர் இருக்கிறார் என்று கூட்டிக்கொண்டு போனது நான். அந்தப் பாவம் என்னையே சேரும்.

சக்கரம் அரை மணியில் சுற்றியது. பரிசோதனை பதினோரு நாள் நடந்தது.

முதலில் வேகம். டேப் விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓட வேண்டுமாம். ஒரு நிமிடம் ஓடியதை நீட்டி அளந்தால் முப்பத்தேழரை அடி, கடையோ பத்தடி. ஆகவே தெருவின் குறுக்கே எதிர்ச் சோடாக்கடை வரை டேப் நீண்டது. சைக்கிள்காரர்கள் இறங்கிக் குனிந்து போனார்கள். ஒரு வெள்ளாடு அதில் ஒரு முழம் தின்றது. நான் பதறினேன். “விடுங்க டீச்சர், அளந்த பக்கத்தைத்தான் தின்னுருக்கு,” என்றார். அன்று சாயங்காலம் அந்த ஆடு ‘சீசாவுல சீரகம்’ என்று கத்தியதாகச் சோடாக்கடைக்காரர் சத்தியம் செய்கிறார். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது.

அடுத்தது குற்றாலம். சாரல் காலம் வேறு. பெட்டியைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தை போல மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒரு விடுதி மாடியில் கெஞ்சி மின்சாரம் வாங்கி, அங்கிருந்து பேரருவியின் சத்தத்தைப் பதிந்தார். “அருவிக்குள்ள எல்லாச் சுருதியும் ஒண்ணா விழுது டீச்சர். பெட்டியில எது விழலையோ, அதான் கொறை.” போட்டுக் கேட்டோம். எனக்கு அருவி கேட்டது. அவருக்கு, “கடலை வறுக்குத சத்தம்லா வருது!” உள்ளே எதையோ துடைத்துவிட்டு மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். மூன்று நாளில் ஒரு நாளாவது தலையை நனைத்தாரா என்றால், அதுவும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மெட்ராஸ் ரயிலில் தம்பி கிளம்புகிறார். அவரை விட்டால் பினாங்கு போகிற ஆள் அடுத்த வருடம்தான். மத்தியானமே ரஹ்மத்துன்னிசா பிள்ளையை இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள்.

“இன்னும் நிமிசத்துக்கு ரெண்டு செகண்டு கம்மியா ஓடுது தாயி,” என்றார் அண்ணாச்சி. “இதுல பேசினதை அங்கன சரியான பெட்டியில போட்டா, கீச்சுன்னு கேக்கும். என் கையில வந்த பெட்டி அப்படிப் போகலாமா?”

“எம்புட்டுக் கீச்சு?” என்றேன்.

“அரைச் சுருதிக்கு உள்ளதான்.”

“அதுக்கா பதினோரு நாளு? ஒங்க வீட்டு ஆச்சி எப்படித்தான் ஒங்ககூடக் குடும்பம் நடத்துதாகளோ!”

“அவ இட்லி அவிக்கதையும் கடிகாரம் வச்சுத்தான் பாக்கேன்,” என்றார் பெருமையாக.

ரஹ்மத்துன்னிசா சிரிக்கவில்லை. “அண்ணாச்சி, இவ பேசி அவுக ஒரு வார்த்தை கேட்டதில்ல. கீச்சுன்னு கேட்டா, இவ கொரலே கீச்சுதான்னு நெனச்சுக்கிடட்டும். ஒண்ணுமே கேக்காம இன்னொரு வருசம் இருக்கதுக்கு அது தேவலை.”

அண்ணாச்சி மைக்கைப் பிள்ளையின் முன்னால் வைத்துச் சுவிட்சைத் திருகினார்.

ஜாஹிரா மைக்கை முறைத்தாள். பிறகு, “வாப்பா,” என்றாள். “எங்க கோழி ஏழு குஞ்சு பொரிச்சிருக்கு. ஒண்ணு கருப்பு.”

அந்த நேரம் பார்த்துப் பாவூர்ச்சத்திரத்துக் காய்கறி வண்டி ஒன்று, சலங்கை குலுங்க, சோடா குடிக்க வந்து நின்றது. போச்சு என்று நான் திரும்பினால், அண்ணாச்சி கடைக்குள் இல்லை. வெறுங்காலோடு வெயிலில் இரண்டு மாடுகளுக்கும் நடுவே நின்று, ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு கழுத்துச் சலங்கைகளையும் இறுக்கிப் பொத்திப் பிடித்திருந்தார். பிள்ளை மூன்றாவது குஞ்சின் கதையில் இருந்தது. ஒரு மாடு அவருடைய தோளை நக்கத் தொடங்கியது; அவர் அசையவில்லை.