பக்கத்து நாற்காலி

பூகோள டீச்சருக்குக் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. மற்ற ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டுகளை ஒப்படைத்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்கிற நேரத்தில் அவர் பெட்டி அடுக்குவார். பத்துப் பன்னிரண்டு நாடுகளிலிருந்து பதினாறு, பதினேழு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் வந்து இறங்கும் தலைமைப் பயிற்சி முகாம் அது. மூன்று வாரம். விடுமுறையில் காலியாகக் கிடக்கும் கல்லூரி ஒன்றின் விடுதியில் தங்கல், காலையில் வகுப்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேச்சு, பிற்பகலில் ஊருக்குள் போய் ஏதாவது ஒரு வேலை. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி. டீச்சர் பத்தொன்பது வருடமாக அங்கே வழிகாட்டி.

இந்த முகாமில் ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் காலை ஒவ்வொரு வழிகாட்டியும் தன் ஒன்பது பேருக்கும் தனித்தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். கையால் எழுதியதாக இருக்க வேண்டும். 'உன்னிடம் நான் கண்டது இது' என்பதுதான் விஷயம். வீடு போய்ச் சேரும்வரை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. மற்ற வழிகாட்டிகள் 'நல்ல பிள்ளை, நல்ல உழைப்பு' என்று நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். டீச்சருடையது இரண்டு பக்கம், முத்து முத்தான எழுத்து. வாங்கிப் படித்த பிள்ளைகள் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழும். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் படம் எடுத்து அனுப்பியவர்கள் உண்டு. கடிதத்தின் முடிவில் எப்போதும் ஒரே வரி இருக்கும்: 'மூன்று வாரமும் உன்னைக் கவனித்தவள்.' அதன் கீழே கையெழுத்து.

அந்தக் கடிதங்களை டீச்சர் முகாமுக்கு ஒரு மாதம் முன்பே எழுதி முடித்துவிடுவார் என்பது அவருக்கும் அவர் கணவருக்கும் மட்டுமே தெரிந்த சங்கதி.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. முதல் ஆறு வருடம் உண்மையாகவே பார்த்துப் பார்த்து எழுதினார். ஏழாவது வருடம் கடைசி வாரத்தில் காய்ச்சல் வந்து படுத்தார். வேறு வழியில்லாமல் பழைய கடிதங்களின் நகல் இருந்த நீல நோட்டை எடுத்து, யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்து, பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்த வருடம்தான் பிள்ளைகள் மிக அதிகமாக அழுதன. "எப்படி டீச்சர் என்னை இவ்ளோ கரெக்டா புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். திட்டியிருந்தாலாவது திருந்தியிருப்பார். புகழ்ந்து கெடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு நோட்டில் ஒன்பது கடிதங்கள் நிலைத்துவிட்டன. வாயாடிக்கு ஒன்று, முன்கோபிக்கு ஒன்று, வீட்டு நினைப்பில் அழுகிறவளுக்கு ஒன்று, ஒதுங்கி உட்காருகிறவளுக்கு ஒன்று, இப்படி. எந்தக் கூட்டத்திலும் இந்த ஒன்பது பேர் இருப்பார்கள் என்பது டீச்சரின் கணக்கு. பெயருக்கு இடம் விட்டு வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவார். மூன்றாம் நாளே யாருக்கு எது என்று முடிவு செய்து பெயரை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்.

அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பாட்டு மேஜையில் கடிதங்கள் காய்வதைப் பார்த்து, "ஆளையே பாக்காம சட்டை தைக்கிறியே, நல்ல தையல்காரிதான் போ" என்பார்.

"எல்லாருக்கும் ரெண்டு கைதானே? தைச்சா சரியா இருக்கும்" என்பார் டீச்சர்.

இருவரும் சிரிப்பார்கள்.

இந்த வருடம் கடைசி நாள் காலை, உணவுக்கூடத்தில் புதிய வழிகாட்டி ஒருவர் டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார். எதைச் சொன்னாலும் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொள்கிற மனிதர்.

"மேடம், எனக்கு நாலு வரிக்கு மேல வரல. நீங்க எப்படி எழுதுறீங்க?"

"கண்ணைத் திறந்து வெச்சுக்கணும் சார். அவ்வளவுதான்."

அதையும் எழுதிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குக் கடிதங்கள் கைமாறின. பதினோரு மணிக்கு விமான நிலையப் பேருந்து. டீச்சர் வகுப்பறைக்கு வந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. அவர் குழுவில் ஒருத்தி, பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு நின்றாள். 'ஒதுங்கி உட்காருகிறவள்' கடிதம் வாங்கியவள். கண் கலங்கியிருக்கும் என்று டீச்சர் எதிர்பார்த்தார். கலங்கவில்லை.

"டீச்சர், ஒரு அஞ்சு நிமிஷம் பேசலாமா?"

"வாம்மா, உள்ள வா. என்ன?"

அவள் கடிதத்தைப் பிரிக்கவில்லை. கையில் மடித்தபடியே வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "கதவுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாய். தப்பித்து ஓடத்தான் என்று நினைத்தேன். உள்ளே வருகிறவர்களுக்கு இடம் காட்டத்தான் என்று பிறகுதான் புரிந்தது." இரண்டு பக்கத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். கமா வருகிற இடத்தில் மூச்சுகூட விட்டாள்.

"அதுக்குள்ள மனப்பாடமா?" என்றார் டீச்சர். சிரிக்கப் பார்த்தார்.

"இல்ல டீச்சர். நாலு வருஷமா தெரியும். எங்க அக்கா கட்டிலுக்கு மேல மாட்டியிருக்கா. நானும் அவளும் ஒரே ரூம்."

டீச்சர் யோசித்துப் பார்த்தார். நாலு வருடம் முன்பு வந்த ஒருத்தி. முகம் நினைவுக்கு வரவில்லை. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர், பட்டியலில் கண்ணெதிரே இருந்திருக்கும். அதையும் அவர் பார்க்கவில்லை.

"அக்கா இப்ப நர்சுக்குப் படிக்கிறா. அவசர வார்டு. 'உள்ள வர்றவங்களுக்கு இடம் காட்டுறவ நான், டீச்சரே சொல்லியிருக்காங்க'ன்னு அந்த வரிய வெச்சுதான் வீட்ல சண்டை போட்டுச் சேந்தா. எனக்கும் இந்த மாதிரி ஒண்ணு வேணும்னுதான் ரெண்டு வருஷம் காத்திருந்து வந்தேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் கதவுப் பக்கம் உக்காரல டீச்சர். உங்க பக்கத்து நாற்காலி. மூணு வாரமும்."

வட்டத்தில் அதுதான் கோளாறு. எதிரே இருப்பவர்கள் முகம் தெரியும். பக்கத்தில் இருப்பவரின் முழங்கைதான் தெரியும். டீச்சருக்கு இந்தப் பெண்ணின் முழங்கை ஞாபகம் வந்தது. ஒரு சிராய்ப்பு இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பத்தொன்பது வருடத்தில் எத்தனை சுவர்கள், எத்தனை கட்டில்கள் என்று மனம் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"என்னை மன்னிச்சிரும்மா. நான்..."

"மன்னிப்பெல்லாம் அப்புறம் டீச்சர். பஸ் பதினொண்ணுக்கு." அவள் குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. "வீட்டு வாசல்ல காலை வெச்சதும் அக்கா 'லெட்டரக் காட்டு'ன்னு கேப்பா. இதைப் பாத்தா அவ்வளவுதான், அவ உடைஞ்சு போயிருவா. வேற ஒண்ணு எழுதிக் குடுங்க. அவளுக்காக."

தனக்காகக் கேட்டிருந்தால்கூட டீச்சர் தாங்கியிருப்பார்.

இரண்டு நாற்காலிகளை இறக்கிப் போட்டார்கள். டீச்சர் வெள்ளைத் தாளை எடுத்துப் பெயரை எழுதினார். பிறகு பேனா நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் போயிற்று. இருபத்தோரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி எழுத ஒரு வரி இல்லை. நோட்டில் இருக்கிற வரிகள் மட்டும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் துரத்த வேண்டியிருந்தது.

"நீ... என்ன பண்ணின, இங்க?" என்று கேட்டார்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "நம்ம குழு பஸ் ஸ்டாப்புக்கு நிழல் வேணும்னு மனு குடுத்துச்சுல்ல? வெயில்ல எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு ஆறு நாள் போய் எண்ணினது நான். மத்தியானம் ரெண்டு மணிக்குப் பதினேழு பேர். அதுல நாலு பேர் கைக்குழந்தையோட."

பதினேழு பேர். அந்த எண்ணை முந்தின நாள் நிறைவு விழா மேடையில் சொன்னவன் வாயாடிப் பையன். அவன் முதுகில் தட்டிக் கொடுத்தவர் டீச்சர்.

டீச்சர் எழுதினார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். எண்ணும்போது ஒரு கிழவரின் பையைப் பிடித்துக்கொண்டது, வெயிலில் மயங்கிக் கீழே விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது, அதை யாரிடமும் சொல்லாதது. வகுப்பில் சொல்வதை எழுதும் பிள்ளைபோல வரி வரியாக எழுதினார். ஓரிடத்தில் கண் மறைத்து எழுத்து கோணிக்கொண்டது.

"ரொம்பப் புகழாதீங்க டீச்சர், அக்காவுக்குப் பொறாமை வரும்" என்றாள் அவள். பிறகு, "கடைசில அந்த வரியும் போட்டுருங்க" என்றாள்.

எந்த வரி என்று டீச்சர் கேட்கவில்லை. "அது வேண்டாமே கண்ணு. வெறும் கையெழுத்து மட்டும் போடுறேனே."

"போடுங்க டீச்சர். அது இல்லேன்னா அக்காவுக்குச் சந்தேகம் வந்துரும்."

'மூன்று வாரமும் உன்னைக் கவனித்தவள்' என்று டீச்சர் எழுதினார். இத்தனை வருடமாக யோசிக்காமல் போட்ட வரியை எழுதி முடிக்க இப்போது நெடுநேரம் ஆயிற்று. அவள் தாளை வாங்கி, ஊதிக் காயவைத்து, மடித்து உறையில் போட்டாள். பழைய கடிதத்தை மேஜைமேல் வைத்தாள். "தாங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் ஓடினாள்.

கதவுக்கு வெளியே கணக்கு வாத்தியார் நின்றிருந்தார். உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற பெண்ணைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"பாத்தீங்களா மேடம்! இது உங்களால மட்டும்தான் முடியும்."

"சார், அதை நான் எழுதல" என்றார் டீச்சர். "எனக்கு அந்தப் பொண்ணைப் பத்தி ஒண்ணுமே தெரியாது. அவ சொன்னா, நான் எழுதினேன்."

வாத்தியாருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "எவ்வளவு அடக்கம் மேடம் உங்களுக்கு!" என்று குறிப்பேட்டை எடுத்தார். 'பிள்ளை சொல்ல வேண்டும், நாம் எழுத வேண்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

டீச்சர் வாயைத் திறந்தார். வெளியே பேருந்து ஹாரன் அடித்தது, பிள்ளைகள் 'டீச்சர், டீச்சர்' என்று கூப்பிட்டார்கள். அவர் பழைய கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கையசைக்கப் போனார்.